வெறுப்புக்கு வரையறை எழுத முடியுமா? - சிவகாசிப் பக்கத்துப் பழைய கணக்கு ஒண்ணு

யூத வெறுப்புன்னா என்ன என்று சட்டத்தில் எழுதி வைக்கலாமா கூடாதா? அமெரிக்காவில் இதுக்குப் பெரிய மல்லுக்கட்டே நடந்தது. 2024 மே 1ஆம் தேதி அவங்க பிரதிநிதிகள் சபை 320க்கு 91 என்ற கணக்கில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. சர்வதேச யூதப் படுகொலை நினைவுக் கூட்டமைப்பு 2016ல் ஏற்றுக்கொண்ட வரையறை ஒன்று இருக்கிறது. கல்லூரிகளில் யூதர்கள் மேல் பாகுபாடு காட்டினார்களா என்று கல்வித்துறை விசாரிக்கும்போது அந்த வரையறையைக் கணக்கில் எடுத்துக்கணும், இதுதான் மசோதா. அந்த சபையின் காலம் முடிகிற வரைக்கும் செனட் அதை நிறைவேற்றவில்லை.

சண்டை எதுக்குன்னா, அந்த வரையறையோடு 11 உதாரணங்கள் ஒட்டியிருக்கு. அதில் 7 இஸ்ரேல் சம்பந்தப்பட்டவை. ஒரு நாட்டு அரசாங்கத்தைத் திட்டுவதும் ஒரு இனத்தை வெறுப்பதும் ஒண்ணா ஆகிடுமே என்று ஒரு கட்சி. யூதர்களைத் திட்ட நினைக்கிறவன் எல்லாம் 'நான் இஸ்ரேலைத்தான் சொன்னேன்' என்று தப்பிச்சிடுறானே என்று இன்னொரு கட்சி. ரெண்டு பேர் சொல்றதிலும் உண்மை இருக்கு, அதுதான் சிக்கல்.

இதுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம், வேற வேலை இல்லையா என்று கேட்கிறவங்களுக்கு: எங்க விருதுநகர், சிவகாசிப் பக்கத்துக்கு ரொம்பவே சம்பந்தம் உண்டு. ஒரு சமூகத்தைப் பற்றி எழுதுவது எப்போ ஆராய்ச்சி, எப்போ இழிவு, எப்போ வெறுப்பு என்ற கேள்வியில் 170 வருஷத்துக்கு மேலா அடிபட்டு மிதிபட்ட ஊர்கள் இவை. எந்தச் சட்டம் உதவியது, எது உதவவில்லை என்பதற்கு இங்கேயே கணக்கு இருக்கு.

கதை 1849ல் ஆரம்பிக்கிறது. ராபர்ட் கால்டுவெல். மெரினாவில் சிலையா நிற்கிறாரே, அவரேதான். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதி நம்ம தமிழுக்குத் தனிக் குடும்பம் இருக்குன்னு உலகத்துக்குச் சொன்னவர். ஆனால் அந்தப் புத்தகம் வந்தது 1856ல். அதுக்கு 7 வருஷம் முன்னாடி அவர் எழுதியது 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற சின்ன நூல். இடையன்குடியில் பனையேறிகள் மத்தியில் மதப்பணி செய்துகொண்டிருந்த ஆள், தான் பார்த்த மக்களை இங்கிலாந்துக்காரனுக்கு அறிமுகப்படுத்த எழுதினார். இலங்கையிலிருந்து வந்தவர்கள், பேய் வழிபாடு செய்பவர்கள், அறிவு வளர்ச்சி மந்தம் என்கிற ரீதியில் போகும். வேறொருத்தர் எழுதியிருந்தா மறந்து போயிருக்கும். அந்த மக்கள் கூடவே வாழ்ந்து, சர்ச்சும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொடுத்த மனுஷன் எழுதினதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

(ஒரு விஷயம். 'சாணார்' என்ற சொல் இன்றைக்கு வசவு. அதை எழுதாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஏன் முடியாது என்பதும் இந்தப் பதிவின் விஷயம்தான். அப்புறம், 'நீங்க எந்த ஆளு?' என்று தெக்கத்தி பாணியில் கேட்டு மடல் அனுப்ப வேண்டாம், சொல்லமாட்டேன் :) )

எதிர்ப்பு முதலில் வந்தது கிறிஸ்தவர்களாக மாறியிருந்த நாடார்களிடமிருந்தே. ஏன்னா அவங்களுக்குத்தான் இங்கிலீஷ் படிக்கத் தெரியும். சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம் 1857ல் பிரகாசபுரத்தில் வெள்ளைக்கார மிஷனரியே இல்லாத தனிச் சபை தொடங்கினார். மிஷனரிகளோடு அவருக்கு இருந்த பல தகராறுகளில் இந்தப் புத்தகமும் ஒன்று. பிறகு மறுப்பு நூல்கள், 1880களில் மனு மேல் மனு. கடைசியில் கால்டுவெல் புத்தகத்தைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார். எந்தக் கோர்ட்டும் தடை போடவில்லை. தொடர்ந்து எழுதி எழுதியே இறங்க வைத்தார்கள்.

கால்டுவெல் அந்த மக்களை வெறுத்தாரா? எனக்கு அப்படித் தோணலை. வெறுக்கிற ஆள் சுமார் ஐம்பது வருஷம் அந்தத் தேரிக்காட்டில் கிடக்கமாட்டார். ஆனா அவர் எழுத்து இழிவுபடுத்தியதா? ஆமாம், சந்தேகமே இல்லை. நோக்கம் ஒண்ணு, விளைவு இன்னொண்ணு. வெறுப்புக்கு வரையறை எழுத உட்காருகிற எவனும் முதலில் முட்டிக்கொள்கிற சுவர் இதுதான். விளைவை வைத்து வரையறுத்தால் கால்டுவெல் குற்றவாளி. நோக்கத்தை வைத்து வரையறுத்தால் அவர் தப்பிச்சிடுவார், புண்பட்டவனுக்கு நியாயம் கிடைக்காது.

இன்னொரு வரையறையும் அந்தக் காலத்தில் எழுதப்பட்டது, அது அரசாங்கம் எழுதினது. 1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் போனார்கள். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். மதுரை சப் கோர்ட்டில் நடந்தது பேருக்குத்தான் கோயில் வழக்கு. உண்மையில் இந்தச் சாதி யார், எங்கிருந்து வந்தது, என்ன தொழில், கோயிலுக்குள் விடலாமா என்கிற சாதி ஆராய்ச்சி. சாட்சிகள் வந்து சொல்லச் சொல்ல நீதிபதி எழுதிக்கொண்டார். 1899 ஜூலையில் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக. சென்னை உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. 1908ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் உறுதி செய்தது. ஒரு மிஷனரி எழுதின புத்தகத்துக்கு மறுப்புப் புத்தகம் போடலாம். பிரிவி கவுன்சில் தீர்ப்புக்கு மறுப்புப் புத்தகம் போட்டு என்ன ஆகப்போகுது?

மதுரைத் தீர்ப்பு வருவதற்கு ஒரு மாசம் முன்னாடியே ஊர் எரிந்துவிட்டது. சிவகாசி விஸ்வநாதசுவாமி கோயில் நுழைவு உரிமையை ஒட்டிப் பல வருஷமாப் புகைஞ்சுக்கிட்டிருந்தது. பக்கத்திலேயே 1895ல் கழுகுமலைக் கலவரம் வேறு. 1899 ஜூன் 6ஆம் தேதி சுமார் ஐயாயிரம் பேர் சிவகாசி மேல் திரண்டு வந்தார்கள். எங்க பக்கம் இதுக்கு 'சிவகாசிக் கொள்ளை' என்றே பேர். நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, பல நூறு பேருக்குத் தண்டனை, ஏழு பேருக்குத் தூக்கு.

இதில் கவனிக்க வேண்டிய ஒண்ணு. 'வகுப்புகளுக்கு இடையே பகைமை வளர்ப்பது குற்றம்' என்ற 153ஏ பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது 1898ல். சிவகாசிக் கொள்ளைக்கு முந்தின வருஷம். சட்டம் புத்தகத்தில் இருந்தது, ஊர் எரிந்தது. பகைமையை வளர்த்தது பத்திரிகைக் கட்டுரை இல்லையே. பூட்டிய கோயில் கதவும், அதை நியாயப்படுத்திய பழக்க வழக்கமும்தான். அந்தப் பழக்க வழக்கத்தையே உரிமை என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது. ஒரு கையால் பகைமையைத் தடுக்கிற பிரிவு, இன்னொரு கையால் தீட்டை உறுதி செய்கிற தீர்ப்பு!

ஆனா அந்தப் பழைய 153ஏ-வில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. கெட்ட எண்ணம் இல்லாமல், பகைமைக்குக் காரணமானவற்றை நீக்கணும் என்ற நேர்மையான நோக்கத்தோடு சுட்டிக்காட்டினால் அது குற்றம் ஆகாது என்று ஒரு விளக்கம் சேர்த்திருந்தார்கள். பிற்காலத்தில் பிரிவைத் திருத்தி எழுதினப்போ இது காணாமல் போச்சு. 2024 ஜூலை 1ல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது, 153ஏ அதில் 196ஆம் பிரிவு ஆச்சு. அதிலும் அந்த விளக்கம் இல்லை. வெள்ளைக்காரன் நமக்கு விட்டுவைத்த ஜன்னலை நாமளே அடைச்சுட்டோம். கோர்ட்டுகள்தான் 'நோக்கம் வேணும்' என்று திரும்பத் திரும்பச் சொல்லி ஓட்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. சிவாஜி பற்றி ஜேம்ஸ் லெய்ன் எழுதின நூல் தொடர்பான வழக்கில் 2007ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான். ஆனா கோர்ட் சொல்கிற வரைக்கும் எழுதினவனும் அச்சடிச்சவனும் அலைஞ்சாகணுமே. ஊரெல்லாம் அச்சகமா இருக்கிற சிவகாசிக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரி, 1899க்குப் பிறகு நாடார்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி வருது. விருதுநகரில் (அப்போ விருதுபட்டி) கலவரத்துக்கு முன்னாடியே, 1889லேயே, மகமைப் பணத்தில் சத்திரிய வித்யாசாலா பள்ளிக்கூடம் வந்துவிட்டது. காமராஜர் படிச்ச பள்ளிக்கூடம். 1910ல் நாடார் மகாஜன சங்கம். 1920களில் அருப்புக்கோட்டையிலிருந்து 'நாடார் குல மித்திரன்' பத்திரிகை. சங்கம் அரசாங்கத்திடம் வைத்த கோரிக்கைகளில் முக்கியமானது, அரசுப் பதிவேடுகளில் 'சாணார்' என்று எழுதாதே, 'நாடார்' என்று எழுது. 1921ல் அது நடந்தது.

இந்த 1921 உத்தரவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. யாரும் சாணார் என்ற சொல்லைச் சொன்னால் ஜெயில் என்று அது சொல்லவில்லை. அரசாங்கம் தன் வாயைத் தானே திருத்திக்கிட்டது, அவ்வளவுதான். தாசில்தார் எழுதுகிற கணக்கில், கோர்ட் பத்திரத்தில், மக்கள்தொகைக் கணக்கில் இனி இந்தப் பேர். தெருவில் எவன் எப்படிக் கூப்பிடுவான் என்பது வேற பஞ்சாயத்து. ஆனா முப்பது நாற்பது வருஷத்தில் தெருவும் மாறிவிட்டது. பள்ளிக்கூடம், தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம், வங்கி, அரசியல் எல்லாம் சேர்ந்து மாற்றியது. 1922ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரையும் சண்முக நாடாரையும் எவன் பழைய பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பான்?

முதலில் சொன்ன யூத வெறுப்பு வரையறையை 2004-05ல் எழுதிய குழுவில் முதன்மையானவர் கென்னத் ஸ்டெர்ன். அவரும் யூதர்தான். வெறுப்புச் சம்பவங்களைக் கணக்கெடுக்கிறவர்கள் நாட்டுக்கு நாடு ஒரே அளவுகோல் வைத்துக்கொள்ளணும் என்பதற்காக எழுதினோம், கல்லூரியில் எவன் என்ன பேசலாம் என்று முடிவு பண்ண இல்லை என்று அவரே அதைச் சட்டமாக்குவதை எதிர்த்தார். கணக்கெடுக்கிற அதிகாரிக்கு வரையறை வேணும்தான், இல்லாட்டி எதை எண்ணுவான்? அதே வரையறையைப் போலீஸ்காரர் கையிலோ டீன் கையிலோ கொடுத்தா கதை வேற. 1921 உத்தரவு முதல் வகை. அதனால்தான் அது யாரையும் கடிக்கவில்லை.

அப்போ பேச்சைத் தண்டிக்கவே கூடாதா? கூடும். எங்கே என்பதற்கு உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் எங்க ஊர்க்காரனுக்குச் சட்டுன்னு புரியும். 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் ஞாபகம் இருக்கா? சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை விமர்சித்த படம். சென்னை உயர் நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. படத்தைக் காட்டினா சட்டம் ஒழுங்கு கெடும் என்றது தமிழக அரசு. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் தொடர்பு தூரத்தில் எங்கேயோ இருந்தால் போதாது. வெடிமருந்துப் பீப்பாயில் விழுகிற தீப்பொறி மாதிரி நேரடியா இருக்கணும். கலாட்டா பண்ணுவோம் என்று மிரட்டுகிறவனைக் காட்டி, பேசுகிறவன் வாயை அரசாங்கம் அடைக்கக் கூடாது. இதுதான் ரங்கராஜன் வழக்கின் சாரம்.

வெடிமருந்தோடு பிழைக்கிறவர்களுக்கு இந்த உவமை வெறும் அலங்காரம் இல்லை. பட்டாசுத் தொழிற்சாலைக்கான விதிகளைப் பாருங்க. ஒரு அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி, என்னென்ன வேதிப்பொருள் கலக்கக் கூடாது என்று எல்லாம் எண்ணிக்கையிலும் அளவிலும் இருக்கும். 'ஆபத்து விளைவிக்கும் மனப்பான்மையோடு வேலை செய்யக் கூடாது' என்று எழுதினா எந்த இன்ஸ்பெக்டருக்கு உபயோகம்? பிடிக்காத முதலாளியைப் பிடிக்கத்தான் உதவும். பேச்சுச் சட்டங்களில் பாதி இந்த ரகம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ அப்படித்தான் இருந்தது. எரிச்சலூட்டுவது, அசௌகரியம் தருவது எல்லாம் குற்றம். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது.

அளவோடு எழுதப்பட்ட சட்டம் நம்மிடம் ஒன்று இருக்கிறது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பாதுகாக்கப்படுவது யார் என்பதற்குப் பட்டியல் இருக்கு. அவமானப்படுத்தும் நோக்கம் வேணும். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்கணும். நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதப்போ பேசினது இந்தப் பிரிவில் வராது என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சரியா என்று சண்டை போடலாம், ஆனா எல்லை தெரியுது. எங்க மாவட்டத்துக் கிராமங்களில் டீக்கடையிலும் வயக்காட்டிலும் பெரியவரைக்கூட சாதிப்பேரோடு 'ஏலே' போட்டுக் கூப்பிடுகிற வாய்கள் இன்னும் உண்டு. அதைத் தண்டித்தால் கருத்துச் சுதந்திரம் செத்துடும்னு எவனாவது சொன்னா சிரிப்புத்தான் வரும். அங்கே என்ன கருத்து இருக்கு சாக? நூறு வருஷம் முன்னாடி அதே அவமானத்தைத் தின்ற சமூகத்திலிருந்தும் அந்த வாய்கள் வருவதுதான் வயித்தெரிச்சல்.

ஆனா அதே சட்டத்தில் 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தம் கொஞ்சம் அகலமா போகுது. மறைந்த மதிப்புக்குரிய தலைவர்களை எழுத்திலோ பேச்சிலோ அவமதித்தாலும் குற்றம். யார் மதிப்புக்குரியவர், எது அவமதிப்பு? ஒரு தலைவரின் அரசியலை விமர்சித்துப் புத்தகம் எழுதினா? முதல் பிரிவின் தெளிவு இங்கே இல்லை. திட்டினவனைப் பிடிக்கிற வலையில் ஆராய்ச்சிக்காரனும் மாட்டுவான் என்பது என் பயம்.

பயம் கற்பனை இல்லை. 2014 டிசம்பரை எடுத்துக்கோங்க. கரிசல்காட்டு எழுத்தாளர் பூமணிக்கு 'அஞ்ஞாடி' நாவலுக்காக சாகித்ய அகாதெமி விருது அறிவிச்சாங்க. கழுகுமலைக் கலவரம், சிவகாசிக் கொள்ளை எல்லாம் வருகிற, ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நாவல். அந்தக் காலத்து மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் பேசினாங்களோ, அந்தப் பேச்சு இல்லாம அதை எழுத முடியுமா? சொல்லைக் குற்றமாக்கினா முதலில் எரியிறது அந்தப் புத்தகம்தான். அதே டிசம்பரில் திருச்செங்கோட்டில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நிஜமாகவே எரிந்தது. சாதியையும் ஊரையும் இழிவுபடுத்திட்டார் என்று. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் 'அமைதிப் பேச்சு' நடத்தி அவரிடம் எழுதி வாங்கினார்கள். 2016 ஜூலை 5ல் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அந்தப் பேச்சுவார்த்தை அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லித்தான் மனுஷன் மறுபடி எழுத வந்தார். ரங்கராஜன் தீர்ப்பு வந்து 25 வருஷம் ஆன பிறகும் அதிகாரிகள் செய்தது கலாட்டாக்காரன் பக்கம் நின்று எழுத்தாளனை அடக்கியதுதான்.

கடைசியா பாடப்புத்தகக் கதை. பாடப்புத்தகம் என்பது அரசாங்கத்தின் வாய், அதனால் 1921 மாதிரியே இதில் தலையிட மக்களுக்கு முழு உரிமை உண்டு என்பது என் கட்சி. என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் உடையின் சமூக வரலாறு பற்றி ஒரு பாடம். அதில் திருவிதாங்கூர் தோள்சீலைப் போராட்டம் வரும். நாடார்கள் தாழ்ந்த சாதியாகக் கருதப்பட்டவர்கள், நாயர் நிலக்கிழார்களிடம் வேலை செய்யத் தெற்குத் திருவிதாங்கூருக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்கிற மாதிரி வாக்கியங்கள். 2012ல் இங்கே கொந்தளிப்பு. ஜெயலலிதா, கருணாநிதி என்று கட்சி பேதமில்லாமல் நீக்கச் சொன்னார்கள். வழக்கும் போச்சு. 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியைப் படிக்க வேண்டாம், கேள்வி வராது என்று சுற்றறிக்கை விட்டது. 2019ல் என்.சி.இ.ஆர்.டி. அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டது.

குடிபெயர்ந்து வந்தவர்கள் என்கிற வாக்கியத்தைத் திருத்தியிருக்கலாம். 'தாழ்ந்த சாதி' என்பதை 'அன்றைய திருவிதாங்கூர் அரசு இவர்களை இப்படி நடத்தியது' என்று எழுவாயை மாற்றி எழுதியிருக்கலாம். ஒரு பாரா வேலை. அதுக்குப் பதிலா மொத்தமாப் போனது எது? மேலாடை போடுவதற்காக அந்தச் சமூகத்துப் பெண்கள் 1822லிருந்து அடி வாங்கிப் போராடி, 1859ல் திருவிதாங்கூர் மகாராஜாவைப் பிரகடனம் வெளியிட வைத்த வரலாறு. ஒன்பதாம் வகுப்பில் அதைப் படிச்சிருக்க வேண்டிய டெல்லிப் பிள்ளைக்கும் சரி, விருதுநகர் சி.பி.எஸ்.இ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் சரி, அந்தப் பாடத்தில் இப்போ அந்தப் பெண்களும் இல்லை, அடிச்சவங்களும் இல்லை.